கைப்பக்குவமும் வேதியியலும்

உதவிப் பேராசிரியர், வேதியியல் துறை

நம் வீடுகளில் வழங்கும் சொல் ஒன்று உண்டு. ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஒரே புளி. ஆயினும் ஒருவர் வைத்த குழம்பு தெருவரை மணக்கும், மற்றொருவர் வைத்தது இலையிலேயே ஒதுக்கப்படும். காரணம் கேட்டால், "அது கைப்பக்குவம்" என்று சொல்லிப் பேச்சை முடித்து விடுவார்கள். கைப்பக்குவம் என்பது பிறவியிலேயே வாய்க்கும் வரமா? அல்லது ஒருவர் சொல்லித் தர மற்றொருவர் கற்றுக்கொள்ளக் கூடிய அறிவா? பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கழித்த எனக்கு இவ்வினாவின் விடை கிடைத்த இடம் ஆய்வுக்கூடம் அன்று. செர்பிய நாட்டுத் தலைநகரான பெல்கிரேடில் ஒரு மூதாட்டியின் அடுக்களை. விடை தந்தது ஒரு பானை வெள்ளை பீன்ஸ் சூப்! அதன் செய்முறையையும், அதனால் நான் பட்ட பாட்டையும், பெற்ற பாடத்தையும் நம் கல்லூரி மலரின் வாசகர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசித்தவனுக்குக் கிடைத்த சொல்

2017ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆய்வுப் பணிக்காக பெல்கிரேடு சென்றேன். நான் சைவ உணவு உண்பவன். செர்பியாவோ சுட்ட இறைச்சிக்குப் பெயர் பெற்ற நாடு. முதல் சில வாரங்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆப்பிளுமே என் உணவு. இடுப்பில் பெல்ட்டுக்குப் புதிய துளை போட வேண்டிய நிலை வந்தது.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் கணவரை இழந்த மூதாட்டி. ஒரே மகன் வியன்னாவில் வேலை பார்த்து வந்தார். என்னை அவர் "சினே" என்றுதான் அழைப்பார். "மகனே" என்பது அதன் பொருள். நான் அவரைப் "பாக்கா" என்பேன், அதாவது பாட்டி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை கதவைத் தட்டி, ஆவி பறக்கும் கிண்ணம் ஒன்றை என் கையில் வைத்தார். செந்நிறக் குழம்பில் வெண்ணிறப் பயறுகள். நான் தயங்குவதைக் கண்டு, "போஸ்னோ, சினே, போஸ்னோ!" என்றார்.

அந்தச் சொல் எனக்கு ஒரு புதிய கதவைத் திறந்து விட்டது. செர்பியர்களில் பெரும்பாலோர் கிழக்கு மரபுவழிக் கிறித்தவர்கள். அவர்களுடைய சமயத்தில் விரத நாட்கள் மிகுதி. புதன், வெள்ளிக் கிழமைகள், உயிர்த்தெழுதல் பெருநாளுக்கு முந்தைய நோன்புக் காலம், கிறித்துப் பிறப்புக்கு முந்தைய 40 நாட்கள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. அத்தகைய விரத உணவுக்கே "போஸ்னோ" என்று பெயர். அவர்களுடைய சமய நாட்காட்டியில் எந்த நாள் மீன் சேர்க்கலாம், எந்த நாள் எண்ணெய் மட்டும் சேர்க்கலாம், எந்த நாள் எண்ணெயும் இன்றி நீரில் வேகவைத்தே உண்ண வேண்டும் என்பது வரை குறித்திருப்பார்கள். நம் பாட்டிமார்களின் விரத ஒழுங்கை நினைவூட்டும் செய்தி அன்றோ! அன்று முதல் நான் கடைகளில் "சைவம்" என்று விளக்கிக் கொண்டிருப்பதை விட்டேன். "போஸ்னோ, மீனும் வேண்டாம்" என்று கேட்கத் தொடங்கினேன். பசி தீர்ந்தது.

பெயரும் பிறப்பும்

அந்தச் சூப்பின் பெயர் "பாசுல்". பயற்றுக்கும் அதே பெயர்தான். கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல் இது. நாம் பொரியல் செய்யும் பீன்ஸ் காயை முற்றவிட்டு உலர்த்தி எடுத்த வெண்ணிற விதை என்று கொள்ளலாம். நம் கடைகளில் விற்கும் ராஜ்மாவும் இந்த இனமே. மொச்சையும் அவரையும் வேறு இனங்கள்.

செர்பியரைக் கேட்டால் பாசுல் தம் பாட்டன், முப்பாட்டன் காலத்து உணவு என்பர். உண்மையில் பீன்ஸ் பிறந்தது அமெரிக்கக் கண்டங்களில். கொலம்பஸ் 1492இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த பிறகே அது ஐரோப்பாவுக்கு வந்தது. சூப்புக்குச் செந்நிறம் தரும் குடைமிளகாய் இனமும் அவ்வாறு வந்ததே. இரண்டு விருந்தினர் சேர்ந்து ஒரு நாட்டின் மரபு உணவாகி விட்டனர். மிளகாயும் தக்காளியும் நம் அடுக்களையில் அடைந்த இடத்தை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

ஏழையின் வீட்டிலும், படைவீரரின் கொப்பரையிலும், உணவு விடுதியிலும் பாசுலுக்கு இடமுண்டு. விரதமில்லாத நாட்களில் புகையூட்டிய பன்றி விலாவைச் சேர்த்து வேகவைப்பார்கள். சூப்பாக இல்லாமல், நிறைய வெங்காயம் சேர்த்து அடுப்பின் அனலில் சுட்டுக் கெட்டியாக்குவது "பிரெப்ரானாட்ஸ்". இவற்றை வேகவைக்க மண்பானையே சிறந்தது என்பது பலர் கருத்து. உஷித்சே நகருக்கு அருகிலுள்ள ஸ்லாகுசா என்னும் சிற்றூரில் களிமண்ணோடு கால்சைட் என்னும் கல்லைப் பொடித்துக் கலந்து, கையால் சுற்றும் சக்கரத்தில் பானை வனைகிறார்கள். அத்தொழிலை 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

பாக்காவின் அலமாரியில் ஒரு பணநோட்டு இருந்தது. 500,00,00,00,000 தினார், அதாவது ஐம்பதாயிரம் கோடி! 1993ஆம் ஆண்டுப் பணவீக்கத்தின்போது யூகோஸ்லாவியா அச்சிட்ட நோட்டு அது. போரும் பொருளாதாரத் தடையும் சேர்ந்து நாணயத்தை வீழ்த்திய காலம். காலையில் வாங்கிய சம்பளம் மாலைக்குள் மதிப்பிழந்தது. "அந்தக் குளிர்காலத்தில் எங்களைக் காப்பாற்றியது இந்த நோட்டு அல்ல, அதோ அந்தப் பை" என்று சுவரோரம் தொங்கிய துணிப்பையைக் காட்டினார். அதில் இருந்தவை உலர்ந்த வெள்ளை பீன்ஸ்.

செய்முறை

பாக்கா செய்வதைப் பல வெள்ளிக்கிழமைகள் பார்த்துக் குறித்துக் கொண்ட முறை இது. ஐந்து பேருக்குப் போதுமானது.

தேவையானவை: வெள்ளை பீன்ஸ் 500 கிராம், பெரிய வெங்காயம் 3, கேரட் 1, பூண்டு 3 பல், பிரிஞ்சி இலை 2, சூரியகாந்தி எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கோதுமை மாவு 1 மேசைக்கரண்டி, காரமில்லாச் சிவப்பு மிளகாய்ப் பொடி 1 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுப் பொடி.

முதல் நாள் இரவே பீன்ஸைக் கல், சுருங்கல் நீக்கிக் கழுவி, நிறைய நீரில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, பொங்கிக் கொதிக்கும் நிலையில் 10 முதல் 15 நிமிடங்கள் வைக்க வேண்டும். நுரை பொங்கும். அந்த நீரையும் கொட்டிவிட வேண்டும். இதில் பாக்கா சமரசம் செய்ததே இல்லை. "முதல் தண்ணீர் பானைக்கு, இரண்டாம் தண்ணீர் மனிதனுக்கு" என்பது அவர் சொல்.

பின்னர் ஏறத்தாழ இரண்டு லிட்டர் வெந்நீர் ஊற்றி, நறுக்கிய வெங்காயம் இரண்டு, வட்டமாக அரிந்த கேரட், பிரிஞ்சி இலை சேர்த்து, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவிட வேண்டும். கரண்டியால் கிளறக் கூடாது, பயறு உடையும். பானையின் இரு காதுகளையும் பிடித்து இலேசாகக் குலுக்கிவிட வேண்டும். நீர் குறைந்தால் வெந்நீரே சேர்க்க வேண்டும்.

பயறு விரலால் அழுத்தினால் வெண்ணெய்போல நசுங்கும் நிலைக்கு வந்ததும் "ஸாப்ர்ஷ்கா" செய்ய வேண்டும். நம் தாளிப்புக்கு உறவு என்று இதைச் சொல்லலாம். தாளிப்பு மணம் தரும். ஸாப்ர்ஷ்கா மணமும் நிறமும் தருவதோடு குழம்பைக் கெட்டியாக்கவும் செய்யும். எண்ணெயைச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய மூன்றாவது வெங்காயத்தை நிதானமாக வதக்கி, பூண்டு சேர்த்து, மாவைத் தூவி, அது வைக்கோல் நிறம் அடையும் வரை கிளற வேண்டும். இப்போது வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகே மிளகாய்ப் பொடி. இரண்டு சுற்றுக் கிளறி, உடனே ஒரு கரண்டி சூப்பை ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, பானையில் சேர்க்க வேண்டும். உப்பும் மிளகும் இட்டு மேலும் 15 நிமிடங்கள் கொதிக்கவிட்டு, இறக்கி மூடி, கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். உடன் ரொட்டியும், உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோசும் வைத்து உண்பர்.

ஜனவரி 6

செர்பியத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அங்குக் கிறித்துமஸ் ஜனவரி 7ஆம் நாளில் வருகிறது. அதற்கு முந்தைய மாலை குடும்பமே கூடி உண்ணும் விரத விருந்து மிகவும் முக்கியமானது. அந்த உணவில் பீன்ஸ் கட்டாயம் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் பிரெப்ரானாட்ஸ். பாக்காவின் வீட்டு வழக்கம் சூப்.

2018 டிசம்பரில் பாக்கா பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக் கொண்டார். மாவுக்கட்டு. மூன்று ஆண்டுகளாக அந்நாளில் வர இயலாதிருந்த மகன், மனைவி மக்களோடு 2019 ஜனவரி 6 மாலை வருவதாகச் செய்தி வந்திருந்தது. மீனும் ரொட்டியும் பக்கத்து வீட்டுப் பெண்மணி செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். "பாசுலை நான் பார்த்துக் கொள்கிறேன் பாக்கா, நீங்கள் படுத்திருங்கள்" என்று நான் சொன்னேன். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவன், ஒரு சூப் வைக்க முடியாதா?

காலை 9 மணிக்கு ஊறிய பீன்ஸை ஏற்றினேன். முதல் நீரைக் கொட்டினேன். இரண்டாம் நீர் ஊற்றியபோது ஒரு யோசனை. குழம்பு என்றால் சிறிது புளிப்பு வேண்டாமா? நான்கு தக்காளிகளை அரைத்து ஊற்றினேன். மணம் நன்றாகவே வந்தது. 11 மணிக்கு ஒரு பயற்றை எடுத்து நசுக்கினேன். நசுங்கவில்லை. 12 மணி, நசுங்கவில்லை. ஒரு மணிக்கு வாயிலிட்டுக் கடித்தபோது பச்சைக் கொட்டையின் நறுக்கென்ற ஒலி. எனக்கு வியர்த்தது. வெளியே பனி பெய்து கொண்டிருந்தது.

பாக்கா எழுந்து வந்தார். பானையை எட்டிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. "தக்காளியை எப்போது போட்டாய், சினே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். முக்காலியை இழுத்து அடுப்பின் அருகில் போட்டு அமர்ந்தார். "அந்தப் பானை நாளைக்கு ஆகும். பையை எடு" என்றார்.

"ஊறவைக்க நேரமில்லையே!"

"வேறு வழி இருக்கிறது."

பையிலிருந்து புதிய பீன்ஸை எடுத்துக் கழுவி, நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஐந்து நிமிடங்களில் அடுப்பை அணைத்து, மூடி, ஒரு மணி நேரம் அப்படியே வைக்கச் சொன்னார். இரவு முழுவதும் ஊறியது போலப் பயறு பருத்திருந்தது. அந்நீரைக் கொட்டிவிட்டு முறைப்படி தொடங்கினோம். ஸாப்ர்ஷ்கா செய்யும்போது அவர் கண் என் வாணலியை விட்டு நகரவில்லை. மிளகாய்ப் பொடியைக் கையில் எடுத்தவுடன், "இறக்கு! முதலில் இறக்கு!" என்று இடது கையால் மேசையைத் தட்டினார். மாலை 6 மணிக்குப் பானை தயார். ஏழு மணிக்கு மகன் வந்தார்.

பானைக்குள் நடந்தது என்ன?

மாணவ நண்பர்களே, நான் செய்த தவறு அடுக்களைத் தவறு மட்டும் அன்று. என் பாடத்தையே நான் மறந்த தவறு. பயற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். நீரின் வெப்பத்தில் பெக்டின் கரைந்தால்தான் செல்கள் பிரிந்து பயறு மெத்தென்று ஆகும். அமிலம் இருந்தால் இக்கரைதல் மிகவும் தாமதமாகும். தக்காளியில் இருப்பது அமிலம். நீரிலுள்ள கால்சியமும் பெக்டினை இறுக்கிக் கட்டும். ஆகவேதான் உப்புக் கிணற்று நீரில் பருப்பு வேகாது என்று நம் கிராமத்துப் பெண்கள் கூறுவர். பயறு வெந்த பின்னர் தக்காளியைச் சேர்த்தால் தீங்கில்லை. பொருள் ஒன்றே, சேர்க்கும் நேரமே வேறு. மறுநாள் முதல் பானையில் ஒரு சிட்டிகை சமையல் சோடா இட்டு அமிலத்தைத் தணித்தபோது அந்தப் பயறும் வெந்தது.

மிளகாய்ப் பொடிக்கும் காரணம் உண்டு. அதன் சிவப்பு நிறம் எண்ணெயில் கரையும் கேப்சாந்தின் முதலான நிறமிகளால் வருவது. ஆகவே எண்ணெயில் இடுவது சரி. ஆனால் அப்பொடியில் சர்க்கரையும் உண்டு. அடுப்பின் மேல் இருக்கும் சூடான எண்ணெயில் அது நொடிகளில் கருகிக் கசந்துவிடும். இறக்கிய வாணலியின் சூடே போதும்.

முதல் நீரைக் கொட்டுவதில் அடங்கியிருப்பது இன்னும் பெரிய செய்தி. ராஜ்மா இனப் பயறுகளில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. சிவப்பு ராஜ்மாவில் மிகுதி. வெள்ளையில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. சரியாக வேகாத சிவப்புப் பயறு நான்கைந்து உண்டாலே சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் பொங்கிக் கொதிக்க வைத்தால் அது அழிந்துவிடும். கொதி நிலைக்கு எட்டாத இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் நச்சு அழியாது. 80 டிகிரி சூட்டில் அதன் வலிமை கூடவும் கூடும். மெல்ல வேகவைக்கும் மின்பானைகளில் நேரடியாகப் பயற்றை இடுவோர் இதை மறக்கக் கூடாது. வயிற்றில் காற்றை உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அந்நீரோடு போய்விடுகிறது.

பாக்காவுக்குப் பெக்டின் தெரியாது. நச்சுப் புரதத்தின் பெயர் தெரியாது. ஆனால் செய்ய வேண்டியது தெரியும். எனக்குப் பெயர்களெல்லாம் தெரியும். செய்ய வேண்டியது தெரியவில்லை!

மரபு சொல்வதெல்லாம் மாற்ற முடியாதது என்றும் நான் கூறவில்லை. உப்பை முதலில் சேர்த்தால் பயறு வேகாது என்று பாக்கா உறுதியாக நம்பினார். உண்மை வேறு. ஊறவைக்கும் நீரில் சிறிது உப்பு சேர்த்தால், உப்பிலுள்ள சோடியம் பயற்றின் தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக் கொள்வதால் தோல் விரைவில் மென்மையாகிறது. ஒரு வாரம் கழித்து அவ்வாறு செய்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். உண்டு பார்த்தார். "நன்றாக இருக்கிறது. ஆனாலும் உப்பைக் கடைசியில் போடு" என்றார். நான் வாதாடவில்லை.

நம் வீட்டில் செய்ய

ஊருக்குத் திரும்பிய பின் இதனைப் பலமுறை செய்திருக்கிறேன். வெள்ளை ராஜ்மா நகரக் கடைகளில் கிடைக்கும். ஒரே குறிப்பு: பழைய சரக்கை வாங்கக் கூடாது. வெப்பமும் ஈரமும் மிகுந்த கிடங்கில் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு வேகவைத்தாலும் மெத்தென்று ஆகாது. சுருங்காத, பளபளப்பான பயறே நல்லது. மிளகாய்ப் பொடிக்குக் காஷ்மீர் மிளகாய்ப் பொடி பொருத்தம்; காரம் சற்று மிகும், ஆகவே அளவைக் குறைத்துக் கொள்ளலாம். குக்கரில் வைப்பதானால் 8 மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் 10 நிமிடங்கள் கொதிக்கவிட்டு அந்நீரைக் கொட்டிய பிறகே குக்கரில் இட வேண்டும்.

விலை மலிந்த உணவாயினும் சத்தில் குறைந்ததன்று. 100 கிராம் உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. பயற்றில் குறையும் அமினோ அமிலம் கோதுமையில் உண்டு; கோதுமையில் குறைவது பயற்றில் உண்டு. சூப்போடு ரொட்டி உண்ணும் அவர்கள் வழக்கத்திலும், பருப்போடு சோறு உண்ணும் நம் வழக்கத்திலும் இருப்பது ஒரே கணக்கு. விடுதி மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம்.

முடிவுரை

அன்றிரவு பாக்காவின் மகன் முதல் கரண்டி வாயில் வைத்தவுடன் தலை நிமிர்ந்தார். தாயின் மாவுக்கட்டைப் பார்த்தார். "அம்மா, இந்தக் கையோடு ஏன் சமைத்தாய்?" என்று கடிந்து கொண்டார். பாக்கா பதில் பேசாமல் இடது கையால் என்னைச் சுட்டிக் காட்டினார். நான் பெற்ற பட்டங்களுள் அதையும் ஒன்றாகவே இன்றுவரை எண்ணி வருகிறேன்.

கைப்பக்குவம் வரம் அன்று. எதை முதலில் சேர்ப்பது, எதைப் பிறகு சேர்ப்பது, எதைக் கொட்டிவிடுவது, எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்னும் அறிவே அது. அதற்குக் காரணங்கள் உண்டு; காரணங்களைக் கற்பிக்க முடியும். ஆனால் நாம் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. கேட்காமலே காலம் போய், அந்தக் கை ஓய்ந்த பிறகு "அவர் கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று வருந்துகிறோம். ஆகவே, மாணவச் செல்வங்களே, விடுமுறைக்கு வீடு செல்லும்போது உங்கள் தாயோ பாட்டியோ அடுப்படியில் நிற்கையில், ஒரு குறிப்பேட்டோடு அருகில் அமருங்கள். "ஏன் இப்போது போடுகிறீர்கள்? ஏன் அப்போது போடவில்லை?" என்று கேளுங்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டால் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள். அதைத் தேடுவதற்குத்தான் நம் ஆய்வுக்கூடம் இருக்கிறது.